காற்று முதலில் தொடுவது சிறகை

ட்ரோன்களைப் பற்றிப் பேசும் மேடைகளில் சில ஆண்டுகளாக ஒரே பல்லவிதான் ஒலிக்கிறது. வன்பொருள் சிக்கல்களெல்லாம் தீர்ந்துவிட்டன, இனி எல்லாமே மென்பொருள்தான் என்கிறார்கள். சில்லு வேகமாகிவிட்டது, கேமரா மலிந்துவிட்டது, நியூரல் நெட்வொர்க்குகள் பெருத்துவிட்டன. ஆகவே கையடக்க ட்ரோன் ஒன்று காற்றில் தடுமாறி விழுந்தால் அதற்கு மருந்து இன்னும் பெரிய மாடல், இன்னும் கூடுதல் பயிற்சித் தரவு. முதலீட்டாளர்களுக்குக் காட்டும் விளக்கப் படங்களில் இருப்பதும் இதுதான். நம் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளில் இருப்பதும் இதுதான். மூளையைப் பெருக்கு, பறத்தல் தானாக வரும்.

பெரிய ட்ரோன்களைப் பொறுத்தவரை இதில் ஓரளவு நியாயம் உண்டு. நம் வயல்களில் மருந்தடிக்கிற ட்ரோன், மருந்தும் பேட்டரியுமாக இருபது கிலோவைத் தாண்டும். திடீர்க் காற்று வந்தால், அதன் கணினி யோசித்து முடிக்கிறவரை அதன் எடையே அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். என் வாதம் அதைப் பற்றியதல்ல. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் 250 கிராம் வரை எடையுள்ளவற்றையெல்லாம் ‘நேனோ’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகின்றன. அந்தப் பெட்டியின் அடியில் கிடப்பவற்றைப் பற்றித்தான் பேசுகிறேன்: ஐம்பது கிராமுக்குக் கீழே இருப்பவை, அதிலும் சிறகடித்துப் பறப்பவை. இடிந்த கட்டடத்தின் இடுக்கில் நுழைந்து ஆள் இருக்கிறதா என்று பார்க்க, பசுமைக் குடிலுக்குள் செடிகளுக்கு நடுவே திரிய இவைதான் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இவை காற்றில் விழுவது யோசிக்கத் தெரியாததால் அன்று. காற்று தொட்டதை இவை தாமதமாக அறிகின்றன. அறிவதற்கு முன்பே கழிந்துவிட்ட நேரத்தை எந்த மாடலாலும் கணக்குப் போட்டு மீட்க முடியாது.

இதற்கு அடிப்படையான கணக்கு பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு ட்ரோனை எல்லாப் பக்கத்திலும் பாதியாகச் சுருக்குங்கள். நிறை எட்டில் ஒன்றாகும். சுழற்றப்படுவதை அது எதிர்க்கும் அளவு, அதாவது நிலைமத் திருப்புத்திறன், முப்பத்திரண்டில் ஒன்றாகும். ஆனால் அதே காற்று அதன்மேல் செலுத்தும் முறுக்குவிசையோ எட்டில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே அதே காற்றில் சிறிய ட்ரோன் நான்கு மடங்கு முடுக்கத்தோடு கவிழத் தொடங்கும். பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் நூறு மடங்கு. பெரிய ட்ரோன் ஒரு குறிப்பிட்ட அளவு சாய எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் இதற்குக் கிடைக்கும். ட்ரோனைச் சுருக்குகிறோம், காற்றைச் சுருக்குவதில்லை. மொட்டைமாடியில் வீசுகிற அதே காற்றில்தான் இரண்டு கிலோ ட்ரோனும் இருபது கிராம் ட்ரோனும் பறக்க வேண்டும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா நிறுவனத்துக்காக ஏரோவிரான்மென்ட் நிறுவனம் 2011இல் ‘நேனோ ஹம்மிங்பேர்ட்’ என்ற சிறகடிக்கும் ட்ரோனைக் காட்டியது. எடை 19 கிராம், சிறகுகளின் அகலம் 16 சென்டிமீட்டர். அதற்கு வைக்கப்பட்ட இலக்குகளில் ஒன்று: பக்கவாட்டிலிருந்து நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்றடிக்கும்போது ஒரு மீட்டருக்கு மேல் நகராமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். நொடிக்கு 2 மீட்டர் என்றால் இலை சலசலக்கும் காற்று, அவ்வளவுதான். அதைத் தாங்கியதைச் சாதனை என்று அறிவித்தார்கள், சாதனைதான். அந்த அளவில் காற்று எவ்வளவு பெரிய எதிரி என்பதை அந்த இலக்கே ஒப்புக்கொள்கிறது.

இனி நிகழ்ச்சிகளின் வரிசையைப் பாருங்கள். திடீர்க் காற்று வருகிறது. முதலில் சிறகின் மேற்பரப்பில் அழுத்தம் மாறுகிறது. உடனே சிறகு வளைகிறது. வளைந்த சிறகு வேரில் உடலைத் தள்ளுகிறது. உடல் சுழல ஆரம்பிக்கிறது. சுழற்சி வேகம் ஓரளவு சேர்ந்த பிறகு, சுழற்சியை அளக்கும் உணரியான கைரோஸ்கோப் அதைக் காண்கிறது. இன்னும் சற்றுப் பொறுத்து, உடல் கண்ணுக்குத் தெரியும் அளவு சாய்ந்த பின், கேமரா காண்கிறது. பெரிய மாடல்களின் ஆதரவாளர்கள் எதை நம்பி வாதாடுகிறார்கள்? வரிசையின் கடைசி இரண்டு படிகளை. முதல் இரண்டு படிகளில் சேதி ஏற்கெனவே வந்துவிட்டது, கேட்க ஆளில்லை. பட்டம் விடுகிற பையனுக்கு இது தெரியும். பட்டம் குத்துவதை அவன் கண் காண்பதற்கு முன்பே நூலில் இழுவை மாறுவதை விரல் அறிந்துவிடும். விரல் சொன்னதும் நூலை விட்டுக்கொடுப்பான்.

இந்த இடத்தில் விவரமறிந்த எதிராளி ஒருவர் குறுக்கிடுவார். இன்றைய பொழுதுபோக்கு ட்ரோன்களிலேயே கைரோவை நொடிக்கு 8,000 முறை வாசிக்கிறார்களே, அது எப்படித் தாமதம் ஆகும்? நல்ல கேள்வி, ஆனால் கேள்வியில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. எத்தனை முறை வாசிக்கிறோம் என்பது வேறு, எதை வாசிக்கிறோம் என்பது வேறு. இன்னும் நடக்காத ஒன்றை நொடிக்கு 8,000 முறை விசாரித்தாலும் ‘இன்னும் இல்லை’ என்ற பதில்தான் 8,000 முறை வரும். அதற்கு மேல், மோட்டார் அதிர்வுகளைக் களைய வடிகட்டிகள் போட வேண்டும். ஒவ்வொரு வடிகட்டியும் தன் பங்குக்குக் கொஞ்சம் நேரத்தைத் தின்னும்.

நான்கு சுழலிகள் கொண்ட ட்ரோனில் அந்த நட்டம் சில மில்லிநொடிகளோடு போகும், தாங்கிக்கொள்ளலாம். சிறகடிப்பவற்றில்தான் விவகாரம் முற்றுகிறது. ஒவ்வொரு சிறகடிப்பிலும் உடலே மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆடுகிறது. கைரோவுக்குத் தெரிகிற அசைவில் பெரும்பகுதி ட்ரோன் தனக்குத்தானே செய்துகொள்வது. காற்றால் வந்ததை அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டுமானால் ஒரு முழுச் சிறகடிப்பையாவது சராசரி எடுத்துப் பார்ப்பதுதான் எளிய வழி. நொடிக்கு 17 முறை சிறகடிக்கும் ட்ரோனுக்கு அது கிட்டத்தட்ட 59 மில்லிநொடி. மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள்: இந்த அளவிலுள்ள கருவிக்கு அது பெரிய தாமதம்.

நொடிக்கு 17 என்று சொன்னது சும்மா இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ‘டெல்ஃப்ளை நிம்பிள்’ ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் சிறகடிக்கிறது. 29 கிராம் எடை. சிறகில் உணரி எதுவும் கிடையாது, உடலிலுள்ள கைரோவை வைத்துத்தான் பறக்கிறது; அதோடு காற்றிலேயே குட்டிக்கரணமும் அடிக்கிறது, பழ ஈ தப்பியோடும் வளைவுகளையும் அச்சாகச் செய்து காட்டுகிறது. எதிர்த் தரப்பின் மிக வலுவான சாட்சி இதுதான், இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த வித்தைகளெல்லாம் நடந்தது அசையாத காற்றுள்ள ஆய்வுக்கூடத்தில். அங்கே உடலை அசைப்பது ட்ரோனின் சொந்தக் கட்டளை மட்டும்தான், ஆகவே எப்போது எப்படி அசையும் என்பது முன்கூட்டியே தெரியும். முன்னறிவிப்பில்லாமல் வருகிற காற்றுதான் இங்கே வழக்கு.

உயிரினங்களிடம் போவோம். மூளை பெருத்தால் போதும் என்பவர்களுக்கு இயற்கை கொடுத்திருக்கும் பதில் கொஞ்சம் குரூரமானது. பழ ஈயின் மூளையை நரம்பணு நரம்பணுவாக வரைபடமாக்கிய பணி 2024இல் வெளியானது. மொத்தம் 1,39,255 நரம்பணுக்கள். அதை வைத்துக்கொண்டு அந்த ஈ, நம்முடைய எந்தச் சிறு ட்ரோனும் செய்ய முடியாததைச் செய்கிறது. சரி, மூளை சிறிதானாலும் வடிவமைப்பு அபாரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படியானால் மூளையை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றை மட்டும் பறித்துப் பார்க்கும் சோதனைகளுக்கு என்ன சொல்வது?

இப்போது பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இருக்கும் சஞ்சய் சானே, கூட்டாளிகளோடு சேர்ந்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மண்டூகா என்ற பெரிய அந்துப்பூச்சியின் உணர்கொம்பின் நீண்ட பகுதியை வெட்டினார்கள். மூளை அப்படியே, கண் அப்படியே, சிறகு அப்படியே. ஆனாலும் பூச்சி தடுமாறியது. சுவரில் மோதியது, பின்பக்கமாகப் பறந்தது, விழுந்தது. பிறகு வெட்டிய பகுதியைப் பசை போட்டுத் திரும்ப ஒட்டினார்கள். நரம்பு சேரவில்லை, ஒட்டிய துண்டு உயிரில்லாத வெறும் எடை. ஆனாலும் பறத்தல் பெருமளவு மீண்டது. கொம்பின் அடியிலுள்ள உணரிகளுக்கு வேண்டியிருந்தது அந்த எடையின் அசைவு மட்டும்தான். மங்கல் வெளிச்சத்தில் பறக்கும் பூச்சி அது. அந்த ஒளியில் கண் மெதுவாகத்தான் வேலை செய்யும். விசையை நேரடியாகத் தொட்டறியும் உறுப்பு இல்லாமல் அந்த மூளையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வௌவாலிலும் இதே கதை. சூசன் ஸ்டெர்பிங், சிந்தியா மாஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறகுச் சவ்விலுள்ள நுண்ணிய மயிர்களை மயிர்நீக்கிக் களிம்பு தடவி அகற்றினார்கள். காதும் மூளையும் எதிரொலி கேட்கும் திறனும் முன்போலவே இருந்தன. வௌவால்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பறந்தன, தடைகளைச் சுற்றி அகலமான வளைவுகள் எடுத்தன. காற்றோட்டம் சிறகிலிருந்து பிரியப் போகிறதா என்று சொல்லும் மயிர்கள் போனதால் அவை எச்சரிக்கையாக வேகத்தைக் கூட்டிக்கொண்டன என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இங்கே என் தரப்பினரையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. சிறகு உணரிகளுக்காக வாதாடுபவர்களில் பலர் உடனே ஈக்களின் ஹால்டியரை இழுத்து வருவார்கள். பின்சிறகுகள் சுருங்கித் தடி போலான உறுப்பு அது. சிறகோடு சேர்ந்து அடித்துக்கொள்ளும். அதை நீக்கினால் ஈ பறக்க முடியாமல் விழும். 1948இல் பிரிங்கிள் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் விளக்கியபடி அது உடலின் சுழற்சியை உணரும் கைரோஸ்கோப். கைரோஸ்கோப்! அதாவது அது எதிர்த் தரப்புச் சாட்சி. அதை நம் பக்கம் நிறுத்தினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வோம். ஹால்டியரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று: அதன் நரம்பு போகும் வழி. நீல ஈயில் அந்த நரம்பு, சிறகைத் திருப்பும் தசையின் இயக்க நரம்பணுவோடு நேரடியாக மின்வழியில் இணைந்திருப்பதை 1996இல் ஃபயாஸுதீனும் டிக்கின்சனும் காட்டினார்கள். சேதி தலைக்குப் போய் யோசனைக்கு உட்பட்டுத் திரும்பி வருவதில்லை. நேரே தசைக்குப் போகிறது. நேரம்தான் எல்லாம் என்ற இடத்தில் இயற்கை மூளையைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குப் பாதை வெட்டியிருக்கிறது.

சிறகைப் பற்றியே பேச வேண்டுமானால் சரியான சாட்சி அந்துப்பூச்சிதான். அதற்கு ஹால்டியர் கிடையாது. சிறகு நரம்புகளில் சிறுசிறு குவிமாடங்கள் போன்ற உணரிகள் இருக்கின்றன. சிறகு வளைந்தால் அவை சேதி அனுப்பும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டிக்கர்சன், ஆல்ட்வர்த், டேனியல் ஆகியோர் 2014இல் சிறகில் சிறு காந்தம் ஒட்டி வெளியிலிருந்து காந்தப்புலத்தால் அதை லேசாக வளைத்தார்கள். உடல் எதுவும் திரும்பவில்லை. ஆனாலும் பூச்சி வயிற்றை வளைத்து, தான் திரும்பிவிட்டதைப் போல ஈடுகட்டியது. உடல் அசையாதபோதும் சிறகின் சொல்லை நம்பிச் செயல்படும் கட்டுப்பாட்டு அமைப்பு அது.

இயந்திரத்திலும் இது நடக்குமா? நடக்கத் தொடங்கிவிட்டது, அதுவும் இயந்திரக் கற்றலின் துணையோடு. டோக்கியோ அறிவியல் கழகத்தில் ஹிரோட்டோ தனாக்கா குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஹம்மிங் பறவையின் சிறகைப் பார்த்துச் செய்த செயற்கைச் சிறகில் ஏழு ஸ்ட்ரெயின் கேஜ்கள் ஒட்டப்பட்டிருந்தன. வளைந்தால் மின்தடை மாறுகிற மெல்லிய பட்டைகள். கட்டடப் பொறியாளர்கள் பாலங்களில் ஒட்டுவது போன்ற, கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருள். நொடிக்கு 12 முறை சிறகை அடிக்கவைத்து, நொடிக்கு 0.8 மீட்டர் வேகக் காற்றைப் பல திசைகளிலிருந்து வீசச் செய்து, சிறகு எப்படி வளைகிறது என்பதிலிருந்தே காற்றின் திசையை நியூரல் நெட்வொர்க் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு முழுச் சிறகடிப்பின் தரவு கிடைத்தால் 99.5 சதவீதம் சரி. சிறகடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கிடைத்தால் 85.2 சதவீதம்.

தலைப்புச் செய்திகள் 99.5ஐப் பிடித்துக்கொண்டன. எனக்கு முக்கியமாகப் படுவது 85.2தான். 12 முறைக்கு ஒரு சிறகடிப்பு 83 மில்லிநொடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு 17 மில்லிநொடிக்கும் குறைவு. முழுச் சிறகடிப்புக்காகக் காத்திருந்தால் கைரோவைச் சராசரி எடுப்பவரைவிட நாம் பெரிதாக முந்திவிடவில்லை. 17 மில்லிநொடியில் ஏழு முறைக்கு ஒருமுறை தவறினாலும் ஆறு முறை சரியாகச் சொல்கிறது என்றால் அதுதான் புதிய சேதி. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முழுச் சிறகடிப்பு கிடைக்கும்போது ஒரே ஒரு கேஜை வைத்தும் திசையை நன்றாகவே சொல்ல முடிகிறது. நேரத்தைச் சுருக்கினால் ஒற்றைக் கேஜ் கைவிட்டுவிடுகிறது, பல கேஜ்கள் வேண்டியிருக்கின்றன. உணரிகளைக் கூட்டினால் நேரம் மிச்சமாகிறது என்று பொருள். அதே மாடல், அதே கணினி. சிறகைத் தாங்கும் உள்தண்டுகளை நீக்கியபோது துல்லியம் குறைந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: சிறகின் கட்டமைப்பே தகவலின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மாடலைப் பெருக்குவதால் இதில் எதையும் வாங்க முடியாது.

அதே ஆண்டு தென்கொரிய ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். சிலந்தியின் காலிலுள்ள பிளவு உணரிகளைப் பார்த்து, நுண்விரிசல்கள் கொண்ட மிக நுட்பமான உணரிகளைச் சிறகின் வேரில் வைத்தார்கள். கைரோ இல்லாமல், முடுக்கமானி இல்லாமல், சிறகின் வளைவை மட்டும் வாசித்து, வலுவூட்டல் கற்றல் முறையில் பயின்ற கட்டுப்பாட்டு நிரல் காற்றுக்கு எதிரே ட்ரோனை நிலைநிறுத்தியது. நிலைமை அறிய மட்டுமல்ல, கட்டுப்படுத்தவும் சிறகு உணர்வு போதும் என்பதற்கு இது முதல்தரமான சான்று.

இந்த இரண்டு ஆய்வுகளையும் வைத்துக்கொண்டு ‘பறவையைப் போல் பறக்கும் ஏஐ ட்ரோன் வந்துவிட்டது’ என்று எழுதுபவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. டோக்கியோ சிறகு பறக்கவில்லை, மேடையில் பொருத்தப்பட்டிருந்தது. நொடிக்கு 0.8 மீட்டர் காற்று என்பது ஊதுபத்திப் புகையைச் சாய்க்கும், மர இலையை அசைக்காது. கண்டுபிடிக்க வேண்டியதோ முன்கூட்டியே வகுத்த சில திசைகளில் ஒன்றை. இயற்கையில் காற்று அப்படி வரிசையில் நின்று வருவதில்லை. கொரிய ட்ரோன் காட்டியதும் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுக்கூடச் சூழலில்; திறந்தவெளியில் தன்னிச்சையாகத் திரிந்து காட்டவில்லை. இவை பாதையைக் காட்டும் ஆய்வுகள், பயணம் முடிந்த அறிவிப்புகள் அல்ல.

இவற்றில் இயந்திரக் கற்றலின் இடம் எது என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதற்கு எதிரி என்று யாராவது முத்திரை குத்தலாம். சிறகு அடிக்கும்போது தன் சொந்த நிறையாலேயே பெரிதாக வளைகிறது. காற்று சேர்க்கும் வளைவு அதன்மேல் ஒரு சிறு சுருக்கம் மட்டும். இரண்டும் பின்னிக் கிடக்கின்றன, சமன்பாடு எழுதிப் பிரிப்பது நடைமுறையில் ஆகாத காரியம். கற்கும் நிரல் இல்லாமல் கேஜ்களின் வாசிப்பு வெறும் இரைச்சல். ஆனால் அதற்குத் தேவைப்படும் நிரல் சிறியது, அதன் வேலை குறுகியது. 2018இல் மோரென், டேனியல், பிரன்டன் இணையர் ஆகியோர் கணினி மாதிரி ஒன்றில் காட்டினார்கள்: நரம்பணு சேதியை வடிகட்டும் விதத்தைப் பின்பற்றினால், சிறகு முழுதும் உணரிகளைத் தூவ வேண்டாம், சரியான சில இடங்களில் வைத்தாலே சுழற்சியை அறியலாம். எங்கே தொட வேண்டும் என்பதற்குத்தான் இங்கே அறிவு செலவாகிறது.

இனி எதிர்த் தரப்பின் இரண்டு பெரிய பீரங்கிகள். முதலாவது, கால்டெக் பல்கலைக்கழகத்தின் ‘நியூரல்-ஃப்ளை’, 2022. வெறும் 12 நிமிடப் பறத்தல் தரவில் பயின்று, நொடிக்கு 12.1 மீட்டர் காற்றில் ட்ரோனைக் கோடு பிசகாமல் செலுத்தியது. சிறகு உணரி ஏதும் இல்லை. அருமையான வேலை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அது செய்வது என்ன? ட்ரோன் மீது ஏற்கெனவே வந்து விழுந்துவிட்ட விசையை அதன் அசைவிலிருந்து கணக்கிட்டு, காற்றின் போக்குக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வந்து விழுந்ததைத் தாங்கிக்கொண்டு திருத்த அவகாசம் உள்ள, கிலோக் கணக்கில் எடையுள்ள கருவிக்கு அது பொருந்தும். இருபது கிராமுக்கு அந்த அவகாசம் இல்லை என்பதே முதலிலிருந்து என் வாதம்.

இரண்டாவது, சூரிக் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்விஃப்ட்’. 2023இல் ட்ரோன் பந்தயத்தில் மனித வாகையர்களைத் தோற்கடித்தது. கேமராவும் கைரோவும் மட்டும். இந்த வெற்றியைச் சுட்டிக்காட்டாத கட்டுரையே இல்லை. பந்தயம் நடந்தது உள்ளரங்கில். காற்று கிடையாது. பாதையும் வாயில்களும் முன்பே தெரியும். சூழல் மாறினால் மனிதர்களே இன்னும் சமாளிப்பார்கள் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். காற்றில்லாத அறையில் வென்றதைக் காற்றுக்கு விடை என்று கொண்டுவந்து நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

எடை பற்றிய ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது. கேஜ் சில மில்லிகிராம்தான். ஆனால் அதற்குக் கம்பி, மிகைப்பி, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சுற்று எல்லாம் வேண்டும். கம்பி ஒடியும். நொடிக்கு 12 சிறகடிப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் 43,200 முறை அது வளைகிறது. வெயிலில் கேஜின் வாசிப்பே நகர்ந்துபோகும். இவையெல்லாம் உண்மை, எளிதில் தீராதவை. ஆனால் இவை ‘கடினம்’ என்பதற்கான வாதங்கள், ‘தேவையில்லை’ என்பதற்கானவை அல்ல. விவாதங்களில் இந்த இரண்டும் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொள்கின்றன. பெரிய மாடலை ஓட்டும் கணினிப் பலகைக்கு மட்டும் எடை இல்லையா? வெப்பம் கடத்தும் தகடோடு சேர்த்தால் பல பலகைகள் முழு டெல்ஃப்ளையைவிடக் கனமானவை. பேட்டரியையும் அதுதான் குடிக்கும்.

நான்கு சுழலி ட்ரோன்களுக்குச் சிறகே இல்லையே என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சுழலியின் வேகத்தையும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் கவனித்தால் அங்கேயும் காற்று முதலில் தொடும் இடத்தில் காது வைக்கலாம். நிலைத்த சிறகுள்ள சிறு விமானங்களில் மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தார் சிறகின் முன்விளிம்பு அழுத்தத்தை அளந்து, விமானம் சாய்வதற்கு முன்பே எச்சரிக்கை பெற முயன்றிருக்கிறார்கள். கொள்கை ஒன்றுதான்.

இத்தனைக்கும் பிறகு எதிர்க்கருத்து ஏன் செல்வாக்கோடு இருக்கிறது? என் ஊகம் இது: மாடலை இரவோடு இரவாக மாற்றலாம், இணையத்தில் இறக்கலாம், ஆயிரம் பேருக்கு விற்கலாம். சிறகில் கேஜ் ஒட்டப் பசை காய வேண்டும், சாலிடர் பிடிக்க வேண்டும், காற்றுச் சுரங்கத்தில் நாள் கிடைக்க வேண்டும், சிறகு கிழிந்தால் மறுபடி முதலிலிருந்து. கேமராவை மாட்டி, இலவசமாகக் கிடைக்கும் பொருள் கண்டறியும் நிரலை ஏற்றி ‘ஏஐ ட்ரோன்’ என்று பெயரிட்ட திட்டத்துக்கு நம் கல்லூரிகளில் பரிசு கிடைக்கிறது. சிறகு வேரில் கம்பி ஒடிந்ததற்குக் காரணம் தேடிய மாணவிக்கு ‘வெளியீடு எங்கே’ என்ற கேள்வி கிடைக்கிறது. மாணவர்களைக் குறை சொல்லவில்லை. மதிப்பெண் போடும் மேசையைத்தான் சொல்கிறேன்.

வாதத்தை வார்த்தையில் முடிக்க நான் ஆசைப்படவில்லை. தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. முப்பது கிராமுக்கு உட்பட்ட, கயிறு கட்டாத, சிறகடிக்கும் ஒரே மாதிரி இரண்டு ட்ரோன்கள். ஒன்றுக்குக் கைரோவும் விரும்பும் அளவு பெரிய மாடலும். அந்த மாடலை ஓட்டும் பலகையையும் அதுவே சுமக்க வேண்டும், தரையிலிருக்கும் கணினியின் உதவி கூடாது. மற்றதற்குச் சிறகு உணரிகளும் அவற்றை வாசிக்கும் சிறு நிரலும்; கம்பியும் மிகைப்பியும் அதன் எடைக் கணக்கில் சேரட்டும். எப்போது, எத்திசையிலிருந்து என்று இரண்டுக்கும் தெரியாமல் நொடிக்கு 3 மீட்டர் திடீர்க் காற்று. எத்தனை முறை விழுந்தன, எவ்வளவு நகர்ந்தன என்பதை, தோற்ற ஓட்டங்களையும் மறைக்காமல் வெளியிடட்டும். கைரோ ட்ரோன் வென்றால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்படியொரு சோதனைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டால், மென்பொருளே போதும் என்று மேடைதோறும் முழங்குபவர்களில் எத்தனை பேர் கையொப்பமிடுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.